வார் கோப்பகத்தைப் புதிய பகிர்வுக்கு மாற்றும் முறை

லினக்ஸ் கணினியில் பதிவுக் கோப்புகளும் தரவுத்தளங்களும் வளர்ந்து ரூட் பகிர்வை, அதாவது இயங்குதளம் இருக்கும் வட்டுப் பகுதியை, நிரப்பிவிடும்போது, அவை சேமிக்கப்படும் வார் கோப்பகத்தைப் புதிய பகிர்வுக்கு மாற்றுவது நல்ல தீர்வு. ஆனால் சேவைகள் இயங்கிக்கொண்டிருக்கும்போது அதைச் செய்யவே கூடாது. காப்பு நகல் எடுத்துவிட்டு, வட்டில் உள்ள இயங்குதளத்தைத் தொடாமல் தானே இயங்கும் லைவ் யூஎஸ்பி மூலம் கணினியைத் தொடங்குங்கள்.

கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் கட்டளையைச் சிறிய ஏ, பெரிய ஹெச், பெரிய ஏ, பெரிய எக்ஸ் ஆகிய தெரிவுகளுடன் இயக்கினால், உரிமையாளர், அனுமதிகள், ஹார்டு லிங்க்குகள் (ஒரே கோப்புக்கு உள்ள பல பெயர்கள்), கூடுதல் பண்புகள் ஆகியவை மாறாமல் வந்துசேரும். மூலப் பாதையின் முடிவில் சாய்கோடு இடத் தவறினால் புதிய பகிர்வுக்குள் இன்னொரு வார் உருவாகிவிடும் என்பதால், அந்த ஓர் எழுத்தை இருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய கோப்பகத்தை அழிக்காமல் பெயரை மட்டும் மாற்றி, அதன் இடத்தில் வெற்றுக் கோப்பகம் ஒன்றை உருவாக்குங்கள். வட்டுகளின் பெயர் அடுத்த தொடக்கத்தில் மாறக்கூடும் என்பதால், தொடக்கத்தில் எந்தப் பகிர்வை எங்கே இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில், புதிய பகிர்வின் மாறாத அடையாள எண்ணான யூயூஐடியையே குறிப்பிடுங்கள். சில நாள்கள் எல்லாச் சேவைகளும் சீராக இயங்கிய பிறகே பழையதை நீக்கலாம்.

நிரல்களுக்கான பொது நூலகக் கோப்புகள் உள்ள லிப் கோப்பகத்தை மட்டும் இயங்கும் கணினியில் தயவுசெய்து நகர்த்தாதீர்கள். பல கணினிகளில் நிரல்களை ஏற்றும் டைனமிக் லோடர் அதன் வழியாகவே கிடைப்பதால், அடுத்த நொடியே கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளை இயங்காது, திருப்பி வைக்க உதவும் எம்வி கட்டளையும் இயங்காது.