கல்லாவில் நிற்கும்போது நிதானம் தவறாதிருக்க

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் மதிய நேரத்தில் வாழை இலைச் சாப்பாட்டுக் கடையின் கல்லாவில் நின்றவர்களுக்குப் பதற்றம் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில், வெள்ளிக்கிழமை விரதம் இருந்த ஒருவர் தம் பில்லில் மீன் பொரியல் 12 வெள்ளி (ரிங்கிட்) என்றிருப்பதைக் கண்டு குரலை உயர்த்தினார். நான் பில்லைப் பார்க்காமலேயே மறுத்துப் பேசி, அதே வேகத்தில் அடுத்தவருக்கு 10 வெள்ளி மீதத்துக்கு 50 வெள்ளித் தாளை நீட்டிவிட்டேன்.

மிரட்டலை உணர்ந்ததும் உடலில் அட்ரினலின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. இதயம் வேகமெடுக்கிறது, வாய் உலர்கிறது, கவனம் கத்துபவரின் முகத்திலேயே குத்திட்டு நிற்பதால் எளிய கழித்தல் கணக்கும் தப்பிப்போகிறது. ஆகவே மனத்தோடு மல்லுக்கட்டுவதைவிட மூச்சிலிருந்து தொடங்குவது சுலபம். மூச்சை வெளியே விடும்போது மூளையிலிருந்து இதயத்துக்குச் செல்லும் வேகஸ் நரம்பின் செயலால் இதயத் துடிப்பு சற்றுத் தணியும் என்பதால், 4 நொடி இழுத்து 6 நொடி விடப் பழகுங்கள். நிமிடத்துக்கு 6 மூச்சு வரும்.

வரிசை வாசல்வரை நீளும்போது ஒரு நிமிடத்தை யார் தருவார்கள் என்று கேட்பீர்கள். ஒரு மூச்சே போதும். கையில் இருக்கும் மற்றவர் பணத்தை முதலில் கீழே வைத்துவிட்டு, "பில்லைக் கொடுங்கண்ணே, பார்க்கிறேன்" என்று கேளுங்கள். பில் கைமாறும்போது மூச்சை இழுத்து, ஒவ்வொரு வரியின்மேலும் விரலை வைத்துப் படிக்கும்போது மெல்ல விடுங்கள். பிறகு, "எந்த மேசையில் உட்கார்ந்தீங்க?" என்பது போல, யோசித்துப் பதில் சொல்ல வேண்டிய ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள், பக்கத்து மேசையின் மீன் இவர் பில்லில் ஏறியிருப்பது பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும். "கோபப்படாதீங்க" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அது எரிகிற நெருப்பில் எண்ணெய்.

இவையெல்லாம் நெருக்கடியில் கைகொடுக்க வேண்டுமானால், இதயம் படபடக்கும் நேரத்திலேயே பழக வேண்டும். பத்துமலை முருகன் கோயிலின் 272 படிகளை நிற்காமல் ஏறி, மேலே சென்றதும் அதே மூச்சை விட்டபடி, 100 வெள்ளியில் 37 வெள்ளி 60 காசு போக மீதி எவ்வளவு என்று கணக்கிட்டுப் பாருங்கள். முதல் தடவை விடை வரத் தாமதமாகும். முட்டிவலி, இதயக் கோளாறு உள்ளவர்கள் இந்த வீம்பில் இறங்காமல், உட்கார்ந்த இடத்திலேயே மூச்சை மட்டும் பழகினால் போதும்.