ஐரோப்பியக் குடியுரிமை உள்ளவரின் குடும்பத்துக்கு வதிவிட அட்டை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் கணவருக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை. புதுச்சேரிப் பேச்சில் சொன்னால், "நேஷனாலிட்டி உள்ள குடும்பம்". எனக்கு இந்திய பாஸ்போர்ட். அவருக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்ததும், மனைவியைக் கூப்பிட அந்த நாட்டுக் குடும்ப விசாதான் போட வேண்டும் என்று தெரிந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்த ஏஜென்சியும் அதையே சொன்னது. கட்டணம் கட்டினோம். ஜெர்மன் மொழியில் ஏ1 என்ற ஆரம்பநிலைத் தேர்வு கேட்டார்கள். சென்னையில் வகுப்பில் சேர்ந்து படித்து எழுதினேன். ஏழு மாதம் அவர் அங்கே, நான் இங்கே. அந்தத் தேர்வும் கட்டணமும் எனக்குத் தேவையே இல்லை என்பது ஜெர்மனி வந்த பிறகுதான் தெரிந்தது. இதே வழியில் மாட்டிக்கொள்ளும் குடும்பங்களை இன்றும் பார்க்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் தவறு ஒன்றே ஒன்றுதான்: எந்தச் சட்டம் எங்களுக்குப் பொருந்தும் என்று முதலில் பார்க்கவில்லை.

எந்தச் சட்டம்?

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு 2004-ல் வந்த ஒரு நெறிமுறை இருக்கிறது. எண் 2004/38. ஒன்றியக் குடிமகன் தன் நாட்டில் அல்லாமல் வேறொரு உறுப்பு நாட்டில் போய் வாழ்ந்தால், அவருடைய குடும்பத்துக்கும் அங்கே வாழும் உரிமை உண்டு என்று சொல்வது அது. அந்த உரிமைக்குச் சாட்சியாக அந்த நாடு தருவதுதான் வதிவிட அட்டை. "வேறொரு நாடு" என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பிரெஞ்சுக் குடிமகன் ஜெர்மனியில் இருந்தால் மனைவிக்கு ஐரோப்பியச் சட்டம். மொழித் தேர்வு கிடையாது. ஜெர்மன் குடிமகன் ஜெர்மனியிலேயே இருந்தால் மனைவிக்கு ஜெர்மன் உள்நாட்டுச் சட்டம். அங்கே ஏ1 தேர்வு உண்டு. அதே ஜெர்மன் குடிமகன் நெதர்லாந்துக்குக் குடிபோனால் மறுபடியும் ஐரோப்பியச் சட்டம்.

புதுச்சேரிக் குடும்பங்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். இங்கிருந்து பாரிசுக்குப் போனால் பிரெஞ்சுச் சட்டப்படிதான் மனைவிக்கு விசா. இங்கிருந்து நேராக அயர்லாந்தின் டப்ளினுக்குப் போனால் ஐரோப்பியச் சட்டம். "முதலில் பிரான்சில் கொஞ்ச காலம் இருந்துவிட்டுத்தான் போக வேண்டும்" என்று சிலர் சொல்வார்கள். அப்படி ஒரு விதி இல்லை.

வெளியே போய் வாழ்ந்துவிட்டுச் சொந்த நாட்டுக்குத் திரும்பும்போதும் ஐரோப்பியச் சட்டத்தைக் கேட்கலாம். 1992-ல் சுரிந்தர் சிங் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் இதற்கு வழி திறந்தது. ஆனால் 2014-ல் அதே நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: மூன்று மாதத்துக்கு மேல் அந்த நாட்டில் உண்மையாகக் குடும்பமாக வாழ்ந்திருக்க வேண்டும், சனி ஞாயிறு போய் வந்ததெல்லாம் சேராது. வாடகை ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, பிள்ளையின் பள்ளிக் கடிதம் எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

நார்வே, ஐஸ்லாந்து, லீக்டென்ஸ்டைன் ஆகியவற்றிலும் இந்த நெறிமுறை செல்லும். சுவிட்சர்லாந்துக்குத் தனி ஒப்பந்தம். பிரிட்டனுக்கு 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு குடிபோனவர்களுக்கு இது கிடையாது. பழைய அனுபவத்தை வைத்து லண்டன் உறவினர் சொல்லும் ஆலோசனை இன்று உதவாது.

விசா விண்ணப்பத்தில் ஒரு நட்சத்திரக் குறி

பெரும்பாலான ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான குறுகிய கால விசாதான் ஷெங்கன் விசா. அதன் விண்ணப்பத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். சில கேள்விகளுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு நட்சத்திரக் குறி இருக்கும். என்ன வேலை, யார் அழைக்கிறார்கள், செலவு யாருடையது போன்ற கேள்விகள் அவை. ஐரோப்பியக் குடிமகனின் குடும்பத்தார் அவற்றை நிரப்ப வேண்டியதில்லை என்று அந்தத் தாளிலேயே எழுதியிருக்கிறது. நம் ஆட்கள் அதைக் கவனிப்பதில்லை. பேங்க் ஸ்டேட்மென்ட், ஓட்டல் புக்கிங், பயணக் காப்பீடு என்று ஒரு கட்டுக் காகிதத்தைச் சேர்க்கிறார்கள். சேர்த்த பிறகு, "கணக்கில் பணம் போதாது" என்று கேள்வி வருகிறது.

நீங்கள் காட்ட வேண்டியவை மூன்றுதான்: உங்கள் பாஸ்போர்ட், உறவுக்கான சான்று, ஐரோப்பியக் குடிமகனோடு சேர்ந்து போகிறீர்கள் அல்லது அவரிடம் போகிறீர்கள் என்பதற்கான ஆதாரம். அந்த விசாவுக்குக் கட்டணம் இல்லை, விரைவாகவும் தர வேண்டும். அயர்லாந்து ஷெங்கனில் இல்லை, ஆனால் அங்கும் இந்த விசா இலவசம்தான். விண்ணப்பத்தோடு ஒரு பக்கக் கடிதம் வையுங்கள். 2004/38 நெறிமுறையின் கீழ் விண்ணப்பிக்கிறேன் என்பது அதன் முதல் வரியாக இருக்கட்டும்.

ஏற்கெனவே ஐரோப்பாவில் இருப்பவர்கள், விசா முடிந்துவிட்டது, இனி வழியில்லை என்று ஒளிந்து வாழ்வதும் உண்டு. 2008-ல் மெட்டாக் வழக்கின் தீர்ப்பு இவர்களுக்காகவே வந்தது போல இருக்கும். திருமணம் எப்போது, எங்கே நடந்தது, அந்த நாட்டுக்குள் எப்படி வந்தார் என்பதை வைத்து இந்த உரிமையை மறுக்க முடியாது. திருமணம் உண்மையானதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அட்டைக்காகச் செய்துகொள்ளும் பொய்க் கல்யாணத்துக்கு இந்தச் சட்டத்தில் இடமில்லை.

மனைவியின் கோப்பு சரி, கணவரின் கோப்பு?

எங்கள் ஊர்ப் பையன் ஒருவனின் மனைவிக்கு அட்டை மறுக்கப்பட்டது. மனைவியின் காகிதங்கள் அத்தனையும் கச்சிதம். குறை அவன் பக்கம். முதல் மூன்று மாதத்துக்குப் பிறகு ஐரோப்பியக் குடிமகன் அங்கே வேலை செய்பவராகவோ, சொந்தத் தொழில் செய்பவராகவோ, போதுமான வருமானமும் முழு மருத்துவக் காப்பீடும் உள்ளவராகவோ, மாணவராகவோ இருக்க வேண்டும். இவன் தன் முகவரியை அந்த ஊரில் பதிவு செய்திருந்தான், வேலை ஒப்பந்தம் இல்லை. பகுதி நேர வேலையாவது இருந்திருந்தால் போதும். 1986-ல் வாரம் 12 பாடம் நடத்திய ஓர் இசை ஆசிரியரையே நீதிமன்றம் தொழிலாளர் என்று ஏற்றிருக்கிறது. வேலை உண்மையானதாக இருக்க வேண்டும், பெயருக்கு இருக்கக் கூடாது.

காப்பீட்டில் இன்னொரு குழி இருக்கிறது. சொந்த நாட்டிலிருந்து கொண்டுவரும் ஐரோப்பிய மருத்துவ அட்டை தற்காலிகத் தங்கலுக்கானது. வேலையில்லாமல் குடியேறுபவர் அதை நம்பிப் போகக் கூடாது. மாணவராகப் போகிறவருக்கு மனைவியும் பிள்ளைகளும் சேருவார்கள். பெற்றோருக்கு அந்த உரிமை நேராகக் கிடைக்காது.

அப்பா அம்மாவைக் கூப்பிடும்போது

பெற்றோர், மாமனார் மாமியார், 21 வயது தாண்டிய பிள்ளை, இவர்கள் எல்லாரும் உங்களைச் சார்ந்து வாழ்பவர்கள் என்று காட்டியாக வேண்டும். அதுவும் ஊரில் இருக்கும்போதே சார்ந்து இருந்தார்கள் என்று. இங்கேதான் நம் வழக்கம் நம்மைக் கவிழ்க்கிறது. பத்து வருடமாக மாதாமாதம் பணம் போயிருக்கும். ஆனால் வங்கி வழியாக இல்லாமல் தரகர் மூலம் உண்டியலில் போயிருக்கும், அல்லது ஊருக்குப் போகிறவர் கையில் கொடுத்தனுப்பியிருப்போம். ஒரு சீட்டுக்கூட இருக்காது. "இனி நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதிக் கொடுத்தால் அது மட்டும் போதாது என்பதை 2007-லேயே நீதிமன்றம் சொல்லிவிட்டது. இன்றைக்கே வங்கி வழியாக, அம்மாவின் பெயருக்கே அனுப்பத் தொடங்குங்கள். மருந்துக்கடை ரசீது, வாடகை, கரண்ட் பில் எல்லாம் அந்தப் பணத்தில்தான் நடக்கிறது என்று தெரிய வேண்டும்.

அண்ணன் தம்பி, அக்கா தங்கைக்கு இந்த உரிமை அப்படியே கிடைக்காது. அவர்கள் உங்களைச் சார்ந்தோ உங்கள் வீட்டில் ஒன்றாகவோ வாழ்ந்திருந்தால், அல்லது கடும் நோயால் உங்கள் பராமரிப்பு தேவைப்பட்டால், விண்ணப்பத்தை அக்கறையோடு பரிசீலிக்கும் கடமை மட்டும் அந்த நாட்டுக்கு உண்டு.

பெயர்

அலுவலகக் கவுண்டரில் இருந்த அதிகாரியம்மா என் திருமணச் சான்றையும் பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பென்சிலால் எழுத்தெழுத்தாகத் தொட்டுக்கொண்டே வந்தார். நம் பெயர்களுக்கு இது பெரிய சோதனை. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலி. திருமணச் சான்றில் அப்பா பெயர் ஒற்றைத் தலைப்பெழுத்து. புதுச்சேரியில் இன்னொன்றும் சேரும்: முருகேசன் என்ற பெயர் இந்தியப் பாஸ்போர்ட்டில் எம்-யூ என்று தொடங்கும், பிரெஞ்சுப் பதிவேட்டில் எம்-ஓ-யூ என்று தொடங்கி, கடைசியில் ஒரு 'இ'யும் ஒட்டிக்கொண்டிருக்கும். நமக்கு ஒரே ஆள். அவர்களுக்கு இரண்டு ஆள். விண்ணப்பிக்கும் முன்பே, இரண்டு பெயரும் ஒருவருடையதே என்ற சான்றை ஊரில் வாங்கி வைத்துவிடுங்கள்; அங்கே போய் நின்றுகொண்டு வாங்குவது மாதக்கணக்கில் இழுக்கும்.

கோயிலில் தாலி கட்டிய கல்யாணம் பதிவாகாமல் இருந்தால் முதலில் பதிவு. பிரெஞ்சுக் குடிமக்கள் தூதரகம் வழியாகத் திருமணத்தைப் பிரெஞ்சுப் பதிவேட்டிலும் ஏற்றிவிடுவது நல்லது. 2019 பிப்ரவரி முதல், ஓர் உறுப்பு நாட்டுத் திருமணச் சான்றுக்கு இன்னொரு உறுப்பு நாட்டில் அப்போஸ்டில் முத்திரை (வெளிநாட்டில் ஏற்பதற்காக அரசு தரும் அத்தாட்சி) தேவையில்லை. இந்தியச் சான்றையே கொடுப்பதானால், அந்த நாடு முத்திரை கேட்கிறதா என்று பார்த்து, கேட்டால் அதை வாங்கிய பிறகு மொழிபெயர்க்கக் கொடுங்கள். முத்திரையில் இருப்பதும் மொழிபெயர்ப்பில் வந்துவிடும்.

காத்திருக்கும் காலமும் அதற்குப் பின்னும்

விண்ணப்பித்தவுடன் அதற்கான அத்தாட்சியைக் கையில் தர வேண்டும். ஆறு மாதத்துக்குள் அட்டை வர வேண்டும். அதன் கட்டணம், உள்ளூர்க்காரர் தம் அடையாள அட்டைக்குக் கட்டுவதைத் தாண்டக் கூடாது. உரிமை உறவினால் வருகிறது. அட்டை அதற்குச் சாட்சி மட்டுமே. ஆகவே அட்டை வரும்வரை வேலைக்குப் போகக் கூடாது என்று வீட்டில் உட்கார வேண்டாம். நான் ஐந்து மாதம் உட்கார்ந்திருந்தேன். முதலாளி தயங்கினால் அத்தாட்சியையும் நெறிமுறையின் 23-ஆம் பிரிவையும் காட்டுங்கள். அட்டை கைக்கு வருவதற்குள் ஊருக்குப் போவதை மட்டும் முடிந்தவரை தள்ளிப் போடுங்கள். திரும்பி வர மறுபடி விசா கேட்பார்கள்.

அட்டை ஐந்து வருடத்துக்கு. அந்த ஐந்து வருடம் தொடர்ந்து வாழ்ந்தால் நிரந்தர வதிவிட உரிமை. வருடத்தில் ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் தொடர்ச்சி அறுந்துபோகும். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகிற பெண்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும்: கர்ப்பம், பிரசவம், கடும் நோய், படிப்பு போன்ற காரணங்களுக்காக ஒரு முறை, தொடர்ந்து 12 மாதம் வரை வெளியே இருக்கலாம். மருத்துவமனைக் காகிதங்களைப் பத்திரப்படுத்துங்கள்.

மணமுறிவு பற்றி யாரும் முன்கூட்டியே பேச விரும்ப மாட்டார்கள். ஆனாலும் சொல்கிறேன். வழக்குத் தொடங்கும் முன் திருமணம் மூன்று வருடம் நீடித்து, அதில் ஒரு வருடமாவது அந்த நாட்டில் கழிந்திருந்தால், மனைவியின் உரிமை தொடரும். அதற்கு அவருக்குச் சொந்தமாக வேலையோ வருமானமோ இருக்க வேண்டும். அடி உதை, கொடுமை இருந்தால் அந்தக் கால அளவு இல்லாமலே உரிமை நிலைக்கும். ஆனால் கணவர் முதலில் நாட்டை விட்டுப் போய், அதற்குப் பிறகு வழக்குப் போட்டால் மூன்று வருடக் கணக்கு கை கொடுக்காது. 2015 தீர்ப்பு அப்படித்தான். அவர் கிளம்பப் போகிறார் என்று தெரிந்தால் அன்றே வக்கீலைப் பாருங்கள்.

மறுப்பு வந்தால் அது எழுத்தில், காரணத்தோடு வர வேண்டும். சால்விட் என்ற ஐரோப்பிய இலவச உதவி அமைப்புக்கு எழுதலாம். அவர்கள் உண்மையாகவே உதவுகிறார்கள். ஆனால் அவர்களுக்கு எழுதியதால் மேல்முறையீட்டுக் கெடு நிற்காது. ஜெர்மனியில் அந்தக் கெடு வழக்கமாக ஒரு மாதம். கடிதம் மஞ்சள் உறையில் வந்தால், தபால்காரர் அதன் மேல் கையால் ஒரு தேதி எழுதியிருப்பார். கெடு அந்தத் தேதியிலிருந்து ஓடுகிறது. உறையைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.