குளிர்காலத்தில் ஹம்மிங்பேர்டைப் படம் பிடிப்பது எப்படி? (சியாட்டில்வாசிகளுக்கு)

டிசம்பர் குளிரில் சியாட்டிலில் ஹம்மிங்பேர்டு (அந்தரத்தில் நின்றபடி பூந்தேன் குடிக்கும் குட்டிப் பறவை) இருக்குமா? இருக்கும். ரூஃபஸ் வகை கோடையோடு மெக்சிகோ பக்கம் கிளம்பிவிடும். அன்னா வகை இங்கேயே தங்கிவிடும். நூறு வருடங்களுக்கு முன் அது தெற்குக் கலிபோர்னியாவிலும் அதை ஒட்டிய மெக்சிகோவின் பாஹா பகுதியிலும்தான் கூடு கட்டியது. தோட்டங்களில் வெளியூர்ப் பூச்செடிகள் பெருகப் பெருக, வடக்கே ஏறி வந்துவிட்டது. ஆக, குளிர்காலத்தில் நீங்கள் பார்ப்பது அநேகமாக அன்னாதான். எந்த இனம் என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

கேமராவை இயக்கத் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

1. பூவைத் தேடுங்கள். வாஷிங்டன் பார்க் ஆர்பொரீட்டம் என்ற மரப் பூங்காவில் ‘விட்’ (Witt) குளிர்காலத் தோட்டம் இருக்கிறது. நுழைவுக் கட்டணம் இல்லை. முள் முள்ளான இலையும் மஞ்சள் பூங்கொத்துமாக நிற்கும் மஹோனியாதான் நமக்கு வேண்டிய செடி.

2. காதைக் கொடுங்கள். எண்ணெய் காணாத கதவுக்கீல் மாதிரி ஒரு கிறீச் சத்தம் கேட்டால், அது ஆண் பறவையின் பாட்டு. சத்தம் வந்த பக்கம் இலையில்லாத கிளை நுனிகளைப் பாருங்கள். தன் பூக்களுக்கு அது காவல் இருக்கும். போட்டிக்கு வருவதை விரட்டிவிட்டுப் பெரும்பாலும் அதே நுனிக்குத் திரும்பும். அதனால் பறவையின் பின்னால் ஓடாதீர்கள், கிளையைப் பார்த்து நில்லுங்கள். எட்டு மடங்கு பெரிதாக்கும் 8x42 பைனாகுலர் போதும். பத்து மடங்கு பெரிதாக்குவது கை நடுங்கினால் தலைவலிதான்.

3. தொண்டை நிறம். எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். நேரில் இளஞ்சிவப்பாக ஜொலித்த தொண்டை படத்தில் கரியாக வரும். கேமராவில் கோளாறு இல்லை. அந்த நிறம் சாயத்தால் வருவதல்ல. இறகின் நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் வருவது. சரியான கோணத்தில் திரும்பினால்தான் நம் கண்ணுக்கு எட்டும். ஆகவே சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும், பறவை உங்களை நோக்கித் தலையைத் திருப்ப வேண்டும். டிசம்பரில் இங்கே நண்பகலில்கூடச் சூரியன் சுமார் 19 டிகிரி உயரம்தான் ஏறும். நமக்கு அது வசதி. மதிய வேளையில் தெற்கே முதுகைக் காட்டி நின்றால் ஒளி நேராகத் தொண்டையில் விழும். அப்புறம், அது தலையை இப்படி அப்படித் திருப்பிக்கொண்டே இருக்கும் என்பதால் ஒற்றைப் படம் எடுக்காமல் தொடர்ச்சியாக எடுத்துத் தள்ளுங்கள். பத்தில் ஒன்று ஜொலித்தால் போதும்.

மேகமூட்டமா? (சியாட்டில் ஆயிற்றே!) தொண்டையை மறந்துவிடுங்கள். வெள்ளை வானத்தின் முன் பறவை நிழலாகிவிடும். எக்ஸ்போஷரை +1 ஏற்றிப் பச்சை முதுகை எடுங்கள். அதுவும் அழகுதான்.

4. ஷட்டர். உட்கார்ந்திருந்தால் 1/500 போதும். பறக்கும்போது 1/2500-க்கு மேல். ஐஎஸ்ஓ ஏறுகிறதே என்று பயப்படாதீர்கள்: அதனால் படத்தில் வரும் புள்ளிகளைப் பின்னால் கணினியில் குறைக்கலாம், கலங்கிய கண்ணைச் சரிசெய்ய முடியாது. லென்ஸுக்கு என் ஓட்டு 100-400 ஜூமுக்குத்தான். டிரைபாட் வீட்டிலேயே இருக்கட்டும், இந்தப் பறவையின் வேகத்துக்கு அது இடைஞ்சல்.

பின்சேர்க்கை: படத்தில் சிறகு ரப்பர் போல வளைந்து வருகிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். எலக்ட்ரானிக் ஷட்டரின் வேலை அது. பல கேமராக்களில் அது படத்தை வரி வரியாகப் பதிவு செய்யும். அதற்குள் சிறகு நகர்ந்துவிடும். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறுங்கள்.

இன்னொன்று: வீட்டில் தீனிக்குடுவை வைக்கக் கேட்டவர்களுக்கு: ஒரு பங்கு வெள்ளைச் சர்க்கரை, நாலு பங்கு தண்ணீர். தேனும் வேண்டாம், சிவப்புச் சாயமும் வேண்டாம். உறைபனி இரவுகளில் குடுவையை உள்ளே எடுத்து வைத்து, விடிவதற்குள் மறுபடி மாட்டிவிடுங்கள். இரவில் உடல் வெப்பத்தை வெகுவாகக் குறைத்துக்கொண்டு கிடக்கும் பறவைக்கு, விழித்ததும் சாப்பாடு வேண்டும்.