240 பேரா, 8 தோட்டமா?

பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று எழுதியிருந்தாலும் எங்களுக்கு அது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். மலேசியாவின் முதல் வணிகச் செம்பனை (எண்ணெய்ப் பனை) நடவு 1917இல் இங்குள்ள தென்னமரம் தோட்டத்தில்தான் தொடங்கியது. அந்தக் காலத்தில் விடியுமுன் பிரட்டுக்கு, அதாவது வேலைக்குமுன் பெயர் கூப்பிடும் வரிசைக்கு, நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது முதுகலை, முனைவர் பட்டம் என்று படிக்கிறார்கள். நான் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் சொல்லிக்கொடுக்கிறவன். அதனால் சனிக்கிழமை காலை ஒட்டுக்கடையில் உட்கார்ந்தால், தே தாரிக் ஆறுவதற்குள் யாராவது மடிக்கணினியைத் திறந்துவிடுவார்கள்.

போன மாதம் ஒரு தங்கச்சி வந்தாள். தோட்டக் குடும்பங்களின் சேமிப்புப் பழக்கம் பற்றி ஆய்வு. எட்டுத் தோட்டம், தோட்டத்துக்கு 30 பேர். “அண்ணே, 240 பேரைப் பார்க்கப் போறேன். போதும்தானே?”

போதாது என்றதும் முகம் வாடிவிட்டது. ஆனால் யோசித்துப் பாருங்கள். ஒரே தோட்டத்தில் இருப்பவர்களுக்குச் சம்பளம் ஒரே நாளில் வருகிறது. கடை ஒன்று, சீட்டு பிடிக்கிற அக்கா ஒருவர், பிள்ளைகள் போகும் தமிழ்ப்பள்ளி ஒன்று. நான்கு பேரிடம் கேட்டால் ஐந்தாவது ஆள் என்ன சொல்வார் என்று ஓரளவு ஊகிக்கலாம். அப்படியானால் அந்த ஐந்தாவது ஆள் முழு ஆள் இல்லை, அரை ஆளோ கால் ஆளோதான். இதற்குக் கணக்கு இருக்கிறது. ஒரே தோட்டத்தாரின் பதில்கள் எந்த அளவு ஒத்துப்போகின்றன என்பதை 0 முதல் 1 வரை ஓர் எண்ணாகச் சொல்வார்கள். அது 0.1 என்றே வைத்துக்கொள்வோம், பெரிய எண் இல்லை. தோட்டத்துக்கு 30 பேரில் ஒருவரைக் கழித்தால் 29. அதை 0.1ஆல் பெருக்கி 1 கூட்டினால் 3.9. 240ஐ 3.9ஆல் வகுத்தால் கிடைப்பது ஏறக்குறைய 62. அவள் பார்க்கப் போவது 240 பேர், கையில் சேரப் போவது 62 பேர் அளவுக்கான தகவல்.

இதையே மாற்றிப் போடலாம். 16 தோட்டம், தோட்டத்துக்கு 15 பேர். மொத்தம் அதே 240 பேர். இப்போது வகுக்கும் எண் 2.4, கிடைப்பது 100. பெட்ரோல் செலவு கூடும், சரி. ஆனால் கேள்வித்தாள் ஒன்றுகூட அதிகமில்லை. களத்துக்குப் போகுமுன் கேட்டதால் அவளுக்கு இது கிடைத்தது. எல்லாம் முடிந்தபின் புள்ளியியலாளரிடம் வருவது பிணப் பரிசோதனைக்குக் கூப்பிடுவது மாதிரி என்று இங்கிலாந்துப் புள்ளியியலாளர் ரொனால்டு ஃபிஷர் 1938இல் இந்தியாவில் நடந்த புள்ளியியல் மாநாட்டில் பேசினார். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் பிணத்தோடுதான் வருகிறார்கள்.

வேளாண்மை மாணவர்கள் இதே குழியில் வேறு பக்கமாக விழுகிறார்கள். ஒரு காட்டுக்கு (தோட்டத்தின் ஒரு பகுதியைக் காடு என்போம்) பழைய உரம், பக்கத்துக் காட்டுக்குப் புதிய உரம், இரண்டிலும் 60, 60 மரமாகக் குலையை எடைபோட்டு ‘120 மரங்களில் செய்த சோதனை’ என்று எழுதுவது. உரம் போடப்பட்டது மரம் மரமாக அல்ல, காடு காடாக. ஆகவே அது இரண்டே இரண்டு காட்டில் செய்த சோதனை. ஒரு காடு பள்ளத்தில் இருந்து தண்ணீர் தேங்கினால் கதை முடிந்தது. 1984இல் ஹர்ல்பர்ட் என்ற சூழலியலாளர் இதைப் போலி மறுசெய்கை என்று பெயரிட்டு ஒரு பெரிய கட்டுரையே எழுதினார். அதற்கும் வெகு முன்பே, 1919இல் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண் நிலையத்தில் சேர்ந்த ஃபிஷர், நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, எந்தத் துண்டுக்கு எந்த உரம் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்யும் வழியை வகுத்துக் கொடுத்தார். குலுக்கலைச் சோம்பேறித்தனம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. அந்தப் பள்ளத்துக் காட்டின் ஓரவஞ்சனையை அடக்கக் குலுக்கலை விட்டால் நம்மிடம் வேறு நல்ல ஆயுதம் இல்லை.

அடுத்தது, நம் நாட்டு ஆய்வேடுகளில் கிட்டத்தட்ட கோயில் பிரசாதம் மாதிரி எல்லோருக்கும் கிடைக்கிற ஒன்று: எத்தனை பேரைப் பார்க்க வேண்டும் என்று சொல்ல, கிரெஜ்சி, மார்கன் இருவரும் 1970இல் வெளியிட்ட அட்டவணை. மொத்த மக்கள் 1,000 என்றால் அவர்களில் பார்க்க வேண்டியவர்கள் 278, மிகப் பெரிய தொகை என்றால் 384. தவறு அட்டவணையில் இல்லை. ஒவ்வொருவருக்கும் சம வாய்ப்புக் கொடுத்துப் பெயரைக் குலுக்கி எடுத்திருந்தால், விழுக்காட்டுக் கணக்கில் கூட்டியும் குறைத்தும் ஐந்து புள்ளிக்குள் நிற்பதற்கான எண் அது. நம் பிள்ளைகள் செய்வதோ, வாட்ஸ்அப் குழுவில் இணைப்பை அனுப்பி 384 வந்ததும் கதவைச் சாத்துவது. அட்டவணை கேட்ட குலுக்கல் அங்கே நடக்கவே இல்லை. இன்னொருவர் காலை பத்து மணிக்கு வீடு வீடாகப் போய் ‘தோட்டத்தில் வேலை செய்வோர் குறைவு’ என்று கண்டுபிடித்துவிட்டார். பத்து மணிக்கு வேலை செய்பவர் வீட்டில் எப்படி இருப்பார்?

சோதனையின் முடிவில் கணினி தரும் பி மதிப்புக்கு (p-value) வருவோம். 0.03 வந்துவிட்டால் ‘என் கருதுகோள் 97 விழுக்காடு உண்மை’ என்று எழுதுகிறார்கள். இல்லை. உண்மையில் வித்தியாசமே கிடையாது என்று வைத்துக்கொண்டால், இந்த அளவோ இதைவிடப் பெரிதோ ஆன வித்தியாசம் தற்செயலாகத் தெரிவதற்கு நூற்றில் மூன்று வாய்ப்பு. அது சொல்வது அவ்வளவுதான். கருதுகோள் உண்மையாக இருக்கும் வாய்ப்பை பி மதிப்பு அளப்பதில்லை என்று 2016இல் அமெரிக்கப் புள்ளியியல் சங்கமே அறிக்கை விட வேண்டியிருந்தது. அதேபோல் 0.2 வந்தால் ‘வித்தியாசம் இல்லை என்று நிரூபணமானது’ என்பதும் தவறு. பார்த்த ஆட்கள் குறைவாக இருந்திருக்கலாம்.

அப்புறம் அந்தத் தூண்டில் வேலை. ஒன்றோடொன்று தொடர்பில்லாத இருபது சோதனைகளை எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளில் ஓட்டினால், எதிலுமே விஷயம் இல்லாவிட்டாலும், ஒன்றின் பி மதிப்பாவது வழக்கமான எல்லையான 0.05க்குக் கீழே வர 64 விழுக்காடு வாய்ப்பு உண்டு. இருபதையும் ஓட்டிவிட்டு மாட்டிய ஒரு மீனை மட்டும் ஆய்வேட்டில் வைப்பது, தெரிந்து செய்தால் ஏமாற்று. பெரும்பாலும் தெரியாமல்தான் செய்கிறார்கள், மேற்பார்வையாளரும் கேட்பதில்லை.

முன்னும் பின்னும் ஒப்பிடுவதில் உள்ள ஆபத்துக்கு எங்கள் வீட்டிலேயே உதாரணம் உண்டு. என் அம்மா தோட்டத்தில் செம்பனைப் பூவுக்குக் கையால் மகரந்தத் தூள் தூவியவர். 1981இல் கமரூனிலிருந்து ஒரு சின்னஞ்சிறு வண்டைக் கொண்டுவந்து தோட்டங்களில் விட்டார்கள். அந்த வேலையை அது எடுத்துக்கொண்டது, காய்ப்பும் கூடியது. இப்போது ஒருவர் 1979, 1983 கணக்குகளை மட்டும் வைத்து ‘புதிய உரத்தால் விளைச்சல் உயர்ந்தது’ என்று எழுதினால், வண்டின் உழைப்பு உரத்தின் கணக்கில் ஏறிவிடும்.

தூய கணிதம் படிப்பவர்களுக்கு மாதிரி, உரம் என்ற தொல்லை இல்லை. அவர்களைக் கவிழ்ப்பது வேறு. ஒரு தம்பி தன் ஊகத்தை ஒரு மில்லியன் வரை கணினியில் சரிபார்த்துவிட்டதாகச் சொன்னான். ஓர் எண்ணின் வர்க்கத்தோடு அதே எண்ணையும் 41ஐயும் கூட்டிப் பார் என்றேன். 0 முதல் 39 வரை எதைப் போட்டாலும் பகா எண்தான் வரும். 40ஐப் போட்டால் 41இன் வர்க்கம் வந்து நிற்கும். “நாற்பதுதானே அண்ணே, நான் மில்லியன் பார்த்திருக்கேன்” என்றான். சரி, போயா (Pólya) என்ற கணிதவியலாளரின் ஊகத்துக்குப் போனோம். 1ஐத் தாண்டி எந்த எண் வரை போனாலும், அதுவரையுள்ள எண்களில் குறைந்தது பாதியாவது (திரும்ப வரும் காரணியையும் சேர்த்து எண்ணினால்) ஒற்றைப்படை எண்ணிக்கையில் பகாக் காரணிகள் கொண்டிருக்கும் என்று அவர் 1919இல் ஊகித்தார். அது தவறென்று 1958இல் ஹேசல்குரோவ் காட்டினார். முதன்முதலில் அது உடைகிற எண் 90 கோடியையும் தாண்டிய 906,150,257. தம்பியின் மில்லியன் அதன் காலடிக்குக்கூடப் போகாது.

சிறிய கூட்டத்துக்கு நிரூபித்துவிட்டு எல்லாவற்றுக்கும் சொந்தம் கொண்டாடுவது இன்னொன்று. செம்பனையை முக்கோணமாக நடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒன்பது மீட்டர் இடைவெளியில் சதுரமாக நட்டால் ஹெக்டருக்கு 123 மரம், முக்கோணமாக நட்டால் 142. சீரான அமைப்புகளுக்குள் இதுவே மிக நெருக்கமானது என்று லக்ராஞ்சு 1773இல் நிரூபித்தார். தாறுமாறாக நட்டாலும் இதை முந்த முடியாது என்பதற்குக் குறையில்லாத நிரூபணம் ஃபெயெஷ் டோத் கையால் 1940இல்தான் வந்தது. ‘சீரான’ என்ற ஒரு சொல்லை எடுத்துப்போட 167 ஆண்டுகள்.

நிரூபணத்துக்குள் ஒளிந்திருக்கும் ஓட்டையோ இன்னும் நைசானது. எந்த வரைபடத்தையும் அடுத்தடுத்த நாடுகள் ஒரே நிறமாகாமல் நான்கே நிறத்தில் தீட்டலாம் என்கிற நான்கு நிறத் தேற்றத்துக்கு 1879இல் கெம்பே கொடுத்த நிரூபணத்தை எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். 1890இல் ஹீவுட் ஓட்டையைக் காட்டும்வரை பதினொரு ஆண்டு யாருக்கும் தெரியவில்லை. ஆனால் கெம்பேயின் யோசனை வீண் போகவில்லை. 1976இல் அப்பெல், ஹாக்கன் இருவரும் கணினியின் துணையோடு தேற்றத்தை முடித்தபோதும் அது அடியில் கிடந்தது. என் அனுபவத்தில் ஓட்டை இருக்கும் இடம் பெரும்பாலும் ‘எளிதில் காணலாம்’ என்று எழுதிய வரிதான்.

தம்பி கொண்டுவந்த தாள்களின் மூன்றாம் பக்கத்திலும் அந்த வரி இருந்தது. எளிதுதானே, எழுதிக் காட்டு என்று கடைக்காரரின் பில் தாளை நீட்டினேன். இரண்டு வரி வேகமாக எழுதினான். மூன்றாவதில் பேனா நின்றது. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, “அடுத்த சனிக்கிழமை வரேன் அண்ணே” என்று மோட்டாரை எடுத்தான்.