குளிர்காலத்துக்கு ஏற்ற கனமான ரெட் ஒயினைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

ஒயின் வாங்கப் போய், அலமாரி நிறைய பாட்டில்களைப் பார்த்து மலைத்து, லேபிள் அழகாக இருப்பதை எடுத்து வருபவர்கள் நிறையப் பேர். லேபிளில் ஒரு எண்ணும் ஒரு பெயரும் தெரிந்தால் போதும், குளிருக்கு ஏற்ற ஒயினை நீங்களே எடுத்துவிடலாம்.

படி 1: ஆல்கஹால் சதவீதத்தைப் பாருங்கள்

லேபிளின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும். 12.5 சதவீதமும் அதற்குக் கீழும் பெரும்பாலும் இலகுவான ஒயின்கள். குளிர்காலத்துக்கு 13.5 முதல் 15 வரை உள்ளதைத் தேடுங்கள். ஆல்கஹால் ஏற ஏற ஒயின் நாக்கில் கனமாக உட்காரும்.

படி 2: திராட்சையின் பெயரைப் படியுங்கள்

முதல் பாட்டில் என்றால் மால்பெக் வாங்குங்கள். பிரான்சில் பிறந்த இந்தத் திராட்சை 1853-ல் அர்ஜென்டினாவுக்குப் போனது. இன்று ஆண்டிஸ் மலையடிவாரத்து மெண்டோசாதான் அதன் பேர்போன இடம். கிளாஸைச் சாய்த்து வெள்ளைக் காகிதத்தின் மேல் பிடித்துப் பாருங்கள்: நடுவில் கருஞ்சிவப்பு, விளிம்பில் ஊதா. பிளம் பழத்தின் வாசம் வரும், துவர்ப்பு மென்மையாக இருக்கும்.

அடுத்து ஷிராஸ். பிரான்சில் இதையே சிரா என்பார்கள். முகர்ந்தால் மிளகு வாசனை அடிக்கும், அது கற்பனை இல்லை. மிளகில் இருக்கும் ரோட்டண்டோன் என்ற அதே பொருள்தான் இந்தத் திராட்சையின் தோலிலும் இருக்கிறது.

கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்க முடிந்தால் இத்தாலியின் அமரோனே. இது திராட்சையின் பெயர் அல்ல, ஒயினின் பெயர். பறித்த திராட்சையை மூன்று நான்கு மாதம் உலர வைத்துப் பிறகுதான் பிழிகிறார்கள். தண்ணீர் வற்றி எல்லாமே செறிந்துபோவதால் உலர்திராட்சையும் சாக்லேட்டும் கலந்தாற்போல ஒரு சுவை. பரோலோ என்ற இன்னொரு இத்தாலிய ஒயினை மட்டும் இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். நிறம் வெளிறித் தெரியும், ஆனால் துவர்ப்பு கடுமையானது.

படி 3: துவர்ப்பைப் புரிந்துகொள்ளுங்கள்

பால் சேர்க்காத கடும் தேநீர் குடித்தால் நாக்கு வறண்டு இழுக்குமே, அதேதான். திராட்சைத் தோலிலும் விதையிலும் உள்ள டானின், எச்சிலில் இருக்கும் புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால் அப்படி ஆகிறது. நிதானமாக வெந்த இறைச்சியோ முதிர்ந்த சீஸோ கூட இருந்தால் அந்த இழுப்பு நன்றாகத் தணியும்.

படி 4: சரியான வெப்பநிலையில் ஊற்றுங்கள்

பலர் கோட்டைவிடுவது இங்கேதான். நல்ல ஒயினைக்கூட இது கெடுத்துவிடும் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். 16 முதல் 18 டிகிரி செல்சியஸ் சரியான அளவு. குளிர்ந்த அறையில் கிடந்த பாட்டிலை அப்படியே திறந்தால் வாசனை எழாது, துவர்ப்புதான் முன்னால் நிற்கும். அதற்காக ஹீட்டர் பக்கத்தில் வைத்துவிடாதீர்கள், ஆல்கஹால் நெடி மூக்கில் ஏறும். வீட்டுக்குள் ஒரு மணி நேரம் சும்மா நிற்கட்டும். அகன்ற ஜாடியில் ஊற்றி அரை மணி நேரம் காற்றாட விட்டால் இன்னும் நல்லது.

கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்ற வேண்டாம். சுழற்ற இடம் வேண்டும். குடித்ததும் உடம்பு சூடானதுபோல் இருக்கும். ரத்தம் தோலுக்கு ஓடி வருவதால் வரும் உணர்வு அது. உள்ளே உடம்பு வெப்பத்தை இழந்துகொண்டிருக்கும். ஆகவே குடித்துவிட்டுப் பனியில் நடக்கப் போகாதீர்கள்.

மீதியைக் கார்க் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் தாங்கும். மறுபடி ஊற்றுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வைத்துவிடுங்கள்.