டவுப்போ ஏரியில் முதல் டிரவுட் மீன்: படகை மெதுவாக ஓட்டினால் பாதி வேலை முடிந்தது

நியூசிலாந்தில் டவுப்போ ஏரிக்கு நண்பர்களோடு போகிறீர்கள், தூண்டிலை இதுவரை தொட்டதே இல்லை என்றால் டிராலிங்கில் தொடங்குங்கள். படகை மெல்ல ஓட்டிக்கொண்டே பின்னால் ஒரு போலி மீனை, அதாவது லூரை, இழுத்துப் போவதுதான் டிராலிங். வீசிப் பழக வேண்டியதில்லை.

முதலில் உரிமம். டவுப்போவுக்குத் தனி உரிமம் உண்டு, மற்ற ஏரிகளுக்கு வாங்கியது இங்கே செல்லாது. தூண்டில் பிடிக்கும் ஒவ்வொருவரும் வாங்க வேண்டும். எவ்வளவு நீளமான மீனை வைத்துக்கொள்ளலாம், ஒருவருக்கு எத்தனை என்பதையும் அப்போதே படித்துவிடுங்கள். லைஃப் ஜாக்கெட் ஆளுக்கு ஒன்று கட்டாயம் இருக்கட்டும். 616 சதுர கிலோமீட்டர் ஏரி இது, காற்று கிளம்பினால் கடல் மாதிரி அலை எழும், அதனால் விடியும்போதே இறங்கிவிடுவது நல்லது.

அடுத்தது ஆழம். ரெயின்போ டிரவுட் குளிர்ந்த தண்ணீரைத் தேடும் மீன். குளிர்காலத்தில் மேலேயே திரியும், கோடையில் மேல்தண்ணீர் சூடேறியதும் கீழே போய்விடும். அங்கே லூரை இறக்கத்தான் உள்ளே ஈயம் வைத்துப் பின்னிய தூண்டில் நரம்பு. 10 கெஜத்துக்கு ஒரு நிறம் மாறும், மெதுவாக ஓட்டினால் ஒரு நிறத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் இறங்கும். 5 நிறம் விட்டால் ஏழு மீட்டருக்குப் பக்கம். அதன் நுனியில் ஆறேழு மீட்டர் சாதாரண நைலான் நரம்பு, அதில் லூர்.

நரம்பை விடுவதற்கு முன் லூரைப் படகோரமாகத் தண்ணீரில் இழுத்துப் பாருங்கள். மீன்குஞ்சு போல இரண்டு பக்கமும் ஆட வேண்டும், பம்பரமாகச் சுற்றினால் வேகம் அதிகம். மணிக்கு 2 முதல் 3 கிலோமீட்டர் போதும், நாம் நடப்பதைவிட மெதுவு. முதல் நாள் எல்லோரும் தவறுவது இங்கேதான், பொறுமை இல்லாமல் ஆக்சிலரேட்டரைத் தள்ளிவிடுவோம், லூர் மேலே ஏறிவிடும். அதே நேரம் நரம்பு வெளியே இருக்கும்போது படகை நிறுத்தவும் கூடாது, லூர் அடியில் போய்ச் சிக்கிக்கொள்ளும்.

நேராகவே ஓட்டாமல் பாம்பு போல வளைந்து வளைந்து போங்கள். நான் பெரிதும் நம்பும் வழி இது. திரும்பும்போது வெளிப்பக்கத் தூண்டிலின் லூர் வேகமெடுத்து மேலே வரும், உள்பக்கத்தது தளர்ந்து கீழே இறங்கும். எந்தப் பக்கம் மீன் கடிக்கிறது என்று கவனித்தால் இன்றைக்கு அவற்றுக்கு என்ன வேகம், என்ன ஆழம் பிடிக்கிறது என்று தெரிந்துவிடும், அப்புறம் எல்லோருடைய நரம்பையும் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

மீன் கடித்துத் தூண்டில் கழி வளைந்துவிட்டதா? சரி, இழுத்துப் பிடுங்காதீர்கள். படகு மெல்ல ஓடிக்கொண்டே இருக்கட்டும், மற்றவர்கள் உடனே தங்கள் நரம்பைச் சுற்றி உள்ளே எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் எல்லாம் ஒன்றாகப் பின்னிக்கொள்ளும். கழியை உயர்த்தியே வைத்து, மீன் ஓடினால் ஓட விட்டு, நின்றால் சுற்றுங்கள். நரம்பு தளர்ந்தால் முள் கழன்றுவிடும். கைவலையைத் தண்ணீருக்குள் வைத்து, மீனின் தலை முதலில் வருமாறு அள்ளுங்கள். திருப்பி விடுவதானால் கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள், உலர்ந்த கை அதன் மேல் வழுவழுப்பை உரித்துவிடும்.

வைத்துக்கொண்ட மீனைச் சுத்தம் செய்யும்போது வயிற்றைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் ஸ்மெல்ட் என்ற சின்ன வெள்ளி மீன்கள் இருக்கும். அவை எவ்வளவு நீளம் என்று பார்த்து, அதே அளவு லூரை எடுத்து மறுநாள் காலைக்குக் கட்டி வையுங்கள்.