அரை மணி நேரத்தில் மீனும் மரக்கறியும் சேர்ந்த பாஸ்தா

திருகோணமலையில் மீனுக்குக் குறைவில்லை. ஆனால் வேலை முடிந்து வீடு திரும்பிய பின், தேங்காய் துருவிப் பால் பிழிந்து குழம்பும் வைத்துச் சோறும் ஆக்குவதற்கு எல்லா நாளும் பொழுது கிடைப்பதில்லை. அத்தகைய இரவுகளில் நான்கு பேருக்குப் போதுமான இந்த உணவை நான் விரும்பிச் சமைக்கிறேன்.

முள் குறைந்த, சதைப்பற்றான மீன் 400 கிராம் வேண்டும். அறக்குளா, பாரை, சூரை மூன்றும் பொருந்தும். சூடை எவ்வளவு சுவையானாலும், பிள்ளைகள் சாப்பிடும் பாஸ்தாவுக்குள் அதன் முள் கலப்பது நல்லதல்ல. சூரை வாங்குபவர்கள் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்த சூரையில் ஹிஸ்டமின் உருவாகும். எவ்வளவு வேகவைத்தாலும் அழியாத அது, உடல் சிவந்து தலைவலியும் அரிப்பும் வரச் செய்யும். வாடைக்காற்றில் கடல் கொந்தளித்து நல்ல மீன் அகப்படாத நாட்களில், நீர் வடித்த டின் மீனைப் பொரிக்காமல் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம்.

முதலில் 3 லீற்றர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி உப்பிட்டு அடுப்பில் ஏற்றிவிடுங்கள். அது கொதிப்பதற்குள் ஒரு வெங்காயம், நான்கு பல் உள்ளி, மூன்று தக்காளி, ஒரு கரட், ஒரு பிடி போஞ்சி, இரண்டு கறிமிளகாய் ஆகியவற்றை அரிந்து, மீனைப் பெருவிரல் அகலத் துண்டுகளாக்கி, மஞ்சள், மிளகுத்தூள், உப்புப் பிரட்டி வைக்கலாம்.

மீன்தான் இந்தச் சமையலின் உயிர். குழம்பில் நெடுநேரம் கொதிக்கவிட்டுப் பழகிய கை இங்கே அடங்க வேண்டும். தாச்சியில் மூன்று கரண்டி எண்ணெய் நன்றாகச் சூடானதும் துண்டுகளை இடைவெளி விட்டு வைத்து, ஓரங்கள் வெள்ளையாகி அடிப்பக்கம் பொன்னிறமாகும் வரை, அதாவது ஏறத்தாழ ஒன்றரை நிமிடம், அசைக்காமல் விட்டு, ஒரே முறை திருப்பி, இன்னொரு நிமிடத்தில் தட்டுக்கு எடுத்துவிடுங்கள். நடுப்பகுதி சற்று வேகாமல் இருப்பதே சரி.

கொதிக்கும் தண்ணீரில் 320 கிராம் பாஸ்தாவைப் போடுங்கள். எண்ணெய் விட வேண்டியதில்லை. மீன் பொரித்த அதே எண்ணெயில் உள்ளி, நொறுக்கிய செத்தல் மிளகாய், கறிவேப்பிலை, வெங்காயம் ஆகியவற்றைத் தாளித்து, கரட்டும் போஞ்சியும் கடிபடும் பதத்தில் வதங்கியதும் கறிமிளகாயையும் தக்காளியையும் சேர்த்துக் கரையவிடுங்கள்.

பொதியில் குறித்த நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்பே பாஸ்தாவை வடிக்க வேண்டும். வடிக்குமுன் அந்தத் தண்ணீரில் ஒரு கோப்பை எடுத்து வைக்க மறக்கவே கூடாது. கஞ்சி போல் மங்கலாக இருக்கும் அந்த நீரிலுள்ள மாச்சத்துத்தான் எண்ணெயையும் தக்காளிச் சாற்றையும் ஒன்றாகப் பிணைக்கிறது. இதனால் தேங்காய்ப்பாலோ கிரீமோ இல்லாமலே சாறு பளபளப்பாகத் திரளும். வடித்த பாஸ்தாவைக் கழுவினால் அந்த மாச்சத்துப் போய்விடும் என்பதால், அப்படியே தாச்சியில் கொட்டி, அரைக்கோப்பை நீர் விட்டு, இரண்டு நிமிடம் பிரட்டுங்கள். பிறகு ஒரு பிடி பசளிக் கீரையையும் மீனையும் மேலே வைத்து ஒரு நிமிடம் மூடிவையுங்கள். அகப்பை நுனியால் அழுத்தும்போது மீன் இதழ் இதழாகப் பிரிந்தால் வெந்துவிட்டது.

அடுப்பை அணைத்த பின்பே தேசிக்காய் பிழியுங்கள். சீஸ் தேவையில்லை; இத்தாலியரும் மீன் பாஸ்தாவில் அதைப் பொதுவாகச் சேர்ப்பதில்லை. ஆறினால் சாறு முழுவதையும் பாஸ்தா உறிஞ்சிவிடும். பிந்தி வருபவருக்கு, மீதமுள்ள தண்ணீரில் இரண்டு கரண்டி விட்டுச் சூடாக்கிக் கொடுங்கள்.